போராடுறவங்களுக்கு மாசம் 500 ரூபா: கொழும்பில புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

எலெக்‌ஷன் வந்தா காசு கேட்டு வர்ற ஆக்களுக்குக் குறைவில்ல. போஸ்டர் அடிக்கணும், வேனுக்கு டீசல் போடணும், ஒஃபிஸ் திறக்கணும்னு வருவாங்க, ரிசல்ட் வந்த அடுத்த வாரம் அந்த ஒஃபிஸ் கதவு சாத்திக் கிடக்கும். ஆனா வீட்ட உடைக்கப் போறோம்னு நோட்டீஸ் வந்த கொம்பனித்தெரு, வனாத்தமுல்ல பக்கத்து குடும்பங்கள், காணாமப் போன பிள்ளையோட போட்டோவை மடியில வச்சுகிட்டு ரோட்டோரம் குந்தியிருக்கிற அம்மாமார், சம்பளம் கேட்டு அட்டன்ல இருந்து நைட் பஸ் ஏறி வர்ற தோட்டத்து ஆக்கள், இவங்களுக்கெல்லாம் எலெக்‌ஷன் இல்லாத வருசங்கள்லதான் செலவு கூட. அந்தச் செலவுல ஒரு துண்டை நம்ம எப்படித் தோள் மாத்தி எடுக்கலாம்ங்கிறதத்தான் இதுல எழுதுறேன்.

நான் இருக்கிறது கொட்டாஞ்சேனையில, கோட்டையில ஒரு ஒஃபிஸ்ல கணக்கு வேலை. 2022ல காலிமுகத்திடல் போராட்டத்துக்கு வேலை முடிஞ்சு போய் வர ஆரம்பிச்சதுல இருந்து ஒரு சின்னக் குழுவுக்கு மாசா மாசம் காசு சேர்த்துக் குடுக்கிறேன். லட்சம் லட்சமா ஒண்ணும் இல்ல. ஆனா இத்தன வருசத்துல எந்தக் காசு உண்மையா உதவுது, எது வந்தும் வராததும் ஒண்ணுதான்னு நல்லா விளங்கிருச்சு. இப்பத்தான் வேலைக்குச் சேர்ந்து ஏதாவது செய்யணும்னு மனசுல இருக்கிற தம்பி தங்கச்சிமார் கேட்டுகிட்டே இருக்கிறதால எல்லாத்தையும் ஒரு இடத்துல வைக்கிறேன்.

முதல்ல ஆள் போங்க, அப்புறம் காசு போகட்டும்

ஃபேஸ்புக்ல ஒரு போஸ்ட பார்த்து மனசு உருகி அங்க இருக்கிற எக்கவுண்ட் நம்பருக்கு அப்பவே காசு போடுறது, அதுதான் புதுசா வர்றவங்க செய்ற முதல் பிழை, நானும் அதைத்தான் செஞ்சேன். பெரிய தொகை இல்லைன்னாலும் அது யாருக்குப் போச்சு, என்னத்துக்குச் செலவாச்சுன்னு இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, கேட்டதுக்கு பதிலும் வரல்ல.

அதனால முதல் மாசம் ஒரு சதமும் குடுக்காதீங்க. ரெண்டு மூணு கூட்டத்துக்குப் போங்க. கொழும்புல இதுக்கு தூரம் போகத் தேவையில்ல. கோட்டை ரயில்வே ஸ்டேஷன் முன்னால, லிப்டன் சுற்றுவட்டத்துல, விகாரமகாதேவி பார்க் பக்கத்துல ஏதாவது ஒரு பிரச்சினைக்காக பதாகை பிடிச்சுகிட்டு நாலு பேர் நிப்பாங்க, மருதானை சீ.எஸ்.ஆர். ஹோல்ல அடிக்கடி கலந்துரையாடல் வைப்பாங்க. போய் பின்னால உட்காருங்க, ஆரு பேசுறாங்க, ஆரு கதிரை அடுக்குறாங்க, பிரச்சினையில இருக்கிற ஆக்களே மைக்க பிடிக்கிறாங்களா, இல்ல அவங்களுக்காக வேற யாரோ பேசிட்டுப் போறாங்களான்னு பாருங்க. கதிரை அடுக்குறவங்களோட ஒரு பிளேன்டீ குடிச்சா பாதி விசயம் தெரிஞ்சிரும்.

உங்களுக்கு எந்தப் பிரச்சினை நெஞ்சுக்குக் கிட்டன்னு ஒண்ணை மட்டும் தெரிஞ்செடுங்க. வீட்டுரிமை, காணாமல் ஆக்கப்பட்டோர், தோட்டச் சம்பளம், மைக்ரோஃபினான்ஸ் கடன், வீட்டுவேலை செய்ற பெண்களோட சங்கம், மொழியுரிமை, எதுவா இருந்தாலும் சரி. அஞ்சு இடத்துக்கு நூறு நூறா பிரிச்சுக் குடுத்தா அஞ்சு பேருக்கும் அது ஒரு ரீலோட் காசுதான், ஒரு இடத்துல 500 நிலையா வந்தா அவங்க அதை நம்பி ஒரு வேலை திட்டம் போடலாம்.

கேக்க வேண்டியத கூச்சப்படாமக் கேளுங்க

நம்ம ஆக்கள் காசு விசயம் கேக்கிறத மரியாதைக் குறைவா நினைக்கிறாங்க. நல்லாத்தானே செய்றாங்க, எப்படிக் கணக்குக் கேக்கிறதுன்னு. ஆனா நேர்மையா வேலை செய்ற கூட்டம் கணக்குக் கேட்டா சந்தோசப்படும், இது என் அனுபவம். மரண உதவிச் சங்கத்துல பொருளாளர் வருசா வருசம் கணக்கு வாசிக்கிறாரு, சீட்டுப் பிடிக்கிற அக்கா கொப்பியில யாரு கட்டினது யாரு கட்டலைன்னு எழுதி வச்சிருக்காங்க, அதே மாதிரித்தான் இதுவும்.

காசு யார் கையில, அவருக்குத் துணையா பார்க்கிற ரெண்டாவது ஆள் யாரு, போன மூணு மாசத்துல எதுக்கெல்லாம் செலவாச்சு, செலவு பண்றத யார் கூடித் தீர்மானிக்கிறாங்க. இவ்வளவும் போதும். ஒரு கொப்பியில கையால எழுதின கணக்கா இருந்தாலும் பரவாயில்ல, பில் ஒட்டி இருந்தா சரி.

சின்னக் கூட்டங்களுக்கு பேங்க்ல சங்கத்தோட பேர்ல எக்கவுண்ட் திறக்கிறது லேசில்ல, யாப்பு கேப்பாங்க, கூட்ட அறிக்கை கேப்பாங்க, பதிவு கேப்பாங்க. அதனால நிறையப் பேர் ஒருத்தரோட சொந்த எக்கவுண்ட்லயே காசு வாங்குறாங்க. அது களவுன்னு அர்த்தமில்ல, ஆனா ஆபத்து இருக்கு, அந்த ஆளுக்கே ஆபத்து, நாளைக்கு யாராவது விசாரிச்சா அவ்வளவு காசும் அவர் தலையிலதான் விழும். ரெண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுற கூட்டு எக்கவுண்ட் ஒண்ணு திறந்து, அதுல இதுக்கான காசு மட்டும் போட்டு எடுத்து, மாசக் கடைசியில ஸ்டேட்மென்ட்ட உறுப்பினர்களுக்குக் காட்டச் சொல்லுங்க. உங்களுக்கு கணக்கு வேலை தெரியும்னா அதை நானே எழுதித் தாறேன்னு சொல்லுங்க, அதுவே பெரிய நன்கொடை.

ஸ்டேண்டிங் ஓர்டர்

சம்பளம் விழுற மறுநாளுக்கு பேங்க்ல ஒரு ஸ்டேண்டிங் ஓர்டர் போடுங்க. இப்ப பல பேங்க் அப்லயும் வீட்டுல இருந்தே போடலாம். தொகை 500ஆ இருக்கலாம், 2,000மா இருக்கலாம், ஆனா கஷ்டமான மாசத்துலயும் கட்டக்கூடிய தொகையா இருக்கணும். தீபாவளி மாசம் நிப்பாட்டிட்டு தையில திரும்ப ஆரம்பிக்கிற 5,000த்த விட நிக்காம வர்ற 500 பெறுமதி. 40 பேர் 500 படி போட்டா மாசம் 20,000, ஒரு வருசத்துக்கு 2,40,000. ஒரு சின்ன குழுவோட போக்குவரத்து, ஹோல், பிரிண்ட் எல்லாத்தையும் கிட்டத்தட்ட அது தாங்கும், ஒவ்வொரு தடவையும் எந்த ஐயாகிட்ட போய் கைநீட்டுறதுன்னு யோசிக்காம அவங்க வேலையைப் பார்ப்பாங்க.

ட்ரான்ஸ்ஃபர் பண்ணும்போது குறிப்புல என்ன எழுதுறதுன்னு கேப்பாங்க. உண்மையத்தான் எழுதுங்க, "மாதாந்தப் பங்களிப்பு"ன்னு. பொய்யா "கடன்"னு எழுதுறது பின்னால உங்களுக்குத்தான் சிக்கல்.

வரிச் சலுகைய எதிர்பார்த்து இதுல வராதீங்க, அது அரசு அங்கீகரிச்ச தர்ம நிறுவனங்களுக்குக் குடுக்கிற காசுக்குத்தான். இது வேற வகை.

காசு உண்மையில எங்க போகுது

இதைத்தான் நிறையப் பேர் பிழையா விளங்கிக்கிறாங்க. போராட்டம்னா பதாகை, லவுட்ஸ்பீக்கர், டீசேர்ட்னு நினைக்கிறாங்க, அதுக்குத்தான் காசு குடுக்கவும் விரும்புறாங்க, ஏன்னா அது போட்டோவுல தெரியும். தெரியாத செலவுதான் ஆக்களை வீட்டோட முடக்கிப் போடுது.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி நெனவிருக்கா, மலையகத்துப் பொடியன்கள் பிள்ளைகள் கறுப்புச் சட்டை போட்டுகிட்டு காலிமுகத்திடல்ல வந்து 1000 ரூபா நாள் சம்பளம் கேட்டாங்க. அதுல நிறையப் பேர் கொழும்புலயே கடைகள்ல, ஹோட்டல்கள்ல வேலை செய்ற பிள்ளைகள். கடையில லீவு குடுக்க மாட்டாங்க, போனா அன்றைய சம்பளம் இல்ல. தோட்டத்துல இருந்து வர்ற அக்காவுக்கு பஸ் காசும் போய், அன்றைய பேரும் (நாள் கூலி) போய், பிள்ளையைப் பார்க்க வர்ற ஆளுக்கும் ஏதாவது குடுக்கணும். அவங்க கேட்ட அந்த 1000 ரூபா கெசட்ல வந்தது 2021ல. அதுக்குள்ள எத்தன தடவை அந்த மக்கள் தங்கட சொந்தக் காசுல பஸ் ஏறியிருப்பாங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

அதனால குழுவோட கதைக்கும்போது சொல்லுங்க, இந்தக் காசுல பஸ் காசு, சாப்பாடு, இழந்த நாள் சம்பளத்துக்கு ஒரு பங்கு, பிள்ளை பார்க்கிற செலவு இதெல்லாம் தாராளமா எடுக்கலாம்னு. நீங்களா சொல்லாட்டி அவங்க கேக்க மாட்டாங்க, "நன்கொடைக் காசுல பஸ் ஏறினாங்க"ன்னு யாராவது சொல்லிருவாங்களோன்னு பயம். ஒரு கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா, வயசு அறுபதுக்கு மேல, புறக்கோட்டையில பஸ்ஸால இறங்கி கூட்டம் நடந்த இடத்துக்கு மத்தியான வெயில்ல நடந்தே வந்திருந்தாங்க, த்ரீவீல் காசு மிச்சம் பிடிக்கிறதுக்காக. எங்க கையில அன்றைக்கு டீசேர்ட் அடிக்கவென்று சொல்லி ஒருத்தர் குடுத்த 15,000 ரூபா சும்மா கிடந்தது, அதுல எடுக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருந்தாரு. அந்த மத்தியானத்த என்னால மறக்க முடியல்ல. "இதுக்கு மட்டும்"னு கட்டி வச்ச காசு வேணாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் அதுதான்.

கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கின காணாமல் ஆக்கப்பட்டோரோட குடும்பங்களோட போராட்டமும் அப்படித்தான், வருசக்கணக்கா ஒரு கொட்டில்ல மாறி மாறி உட்காருறதுக்கு தண்ணி வேணும், தேத்தண்ணி வேணும், தகரம் மாத்தணும், ஜெனீவாவுக்கு மனு அனுப்பணும்னா டைப் அடிக்கணும். பதில் கிடைக்காமலே கண்ண மூடின தாய் தகப்பன்மார் எத்தனையோ பேர். கொழும்புல இருந்து நினைவு நாளுக்கு மட்டும் மெழுகுதிரி கொளுத்துறதோட நிக்காம ஒரு மாசத்து தேத்தண்ணிச் செலவை நாலு பேர் சேர்ந்து எடுத்துக்கலாம், நேரா போய் அந்தச் சங்கத்துகிட்டயே குடுத்துட்டு வரலாம்.

மொழிபெயர்ப்புக்குக் காசு குடுங்க

இது கொழும்புத் தமிழாக்கள் மட்டுமே சரியா விளங்கிக்கக் கூடிய விசயம். இங்க நடக்கிற கூட்டங்கள்ல முக்கால்வாசி சிங்களத்துல, மிச்சம் இங்கிலீஷ்ல. முல்லைத்தீவுல இருந்து வந்த அக்கா ரெண்டு மணித்தியாலம் ஒண்ணும் விளங்காம உட்கார்ந்திருந்து கடைசியில அஞ்சு நிமிசம் பேசுறாங்க, அதை பக்கத்துல இருக்கிற யாரோ ஒருத்தர் மூணு வசனமா சுருக்கி சிங்களத்துல சொல்றாரு. அவங்க அழுதது மட்டும்தான் மத்தவங்களுக்குப் போய்ச் சேருது, அவங்க சொன்ன நியாயம் சேரவே இல்ல.

நல்ல மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நாள் கூலிய உங்க நிறையப் பேரோட மாசக் காசைச் சேர்த்துக் குடுக்கலாம். நோட்டீஸ மூணு மொழியிலயும் அடிக்கிறதுக்கு, வீடியோவுக்கு சப்டைட்டில் போடுறதுக்கு, கூட்டத்துல காதுக்குள்ள சொல்லிக் குடுக்கிறதுக்குன்னு தனியா ஒரு பங்கு வைக்கச் சொல்லுங்க. சிங்களத் தோழர்கள் மாட்டேன்னு சொல்றதில்ல, அவங்களுக்கு அது தோணுறதில்ல, நம்மதான் எடுத்துச் சொல்லணும். 2022 மே 18ல காலிமுகத்திடல்ல, போர் முடிவுல ஆக்கள் உயிர் பிடிச்ச கஞ்சியோட நினைவா முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்தாங்களே, சிங்கள ஆக்களும் வாங்கிக் குடிச்சாங்க. நான் அங்க நின்னேன். தேங்காச் சிரட்டையில ஏன் குடுக்கிறாங்க, இது என்ன கஞ்சின்னு ஒரு சிங்கள நங்கி கேட்டாங்க, விளங்கப்படுத்த ஆள் பக்கத்துல இருந்ததால அந்தக் கதை அன்றைக்கு அவங்க வீட்டுக்குப் போச்சு. பக்கத்துல ஆள் இல்லாம இருந்திருந்தா அது வெறும் உப்பில்லாத கஞ்சிதான் அவங்களுக்கு.

உங்களுக்கே ரெண்டு மொழியும் நல்லா வரும்னா காசுக்குப் பதிலா மாசம் ரெண்டு நாள் குடுங்க. அது எந்த ஸ்டேண்டிங் ஓர்டரையும் விடப் பெரிசு.

புதுக்கடைக் கோர்ட்டுச் செலவு

ஆர்ப்பாட்டத்துல யாரையாவது பிடிச்சா அடுத்த நாள் எல்லாரும் லோயர் காசைப் பத்தித்தான் யோசிப்பாங்க. ஆனா இந்த மாதிரி வழக்குகளுக்கு காசு வாங்காம வர்ற சட்டத்தரணிகள் கொழும்புல இருக்காங்க, 2022 மார்ச் 31 ராத்திரி மிரிஹானையில ஜனாதிபதி வீட்டுக்குக் கிட்ட நடந்த ஆர்ப்பாட்டத்துல பிடிபட்ட ஆக்களுக்காக அடுத்த நாள் நூற்றுக்கணக்கில கறுப்புக் கோட்டோட வந்து நின்னாங்க. காசு போறது மத்ததுக்கு: டைப் செட்டிங், போட்டோகொப்பி, அத்தாட்சிப்படுத்தின பிரதி, ஒவ்வொரு தவணைக்கும் போக்குவரத்து, உள்ள இருக்கிற ஆளுக்கு உடுப்பு சாப்பாடு கொண்டு போறது, அவரோட வீட்டுல அந்த மாசம் அடுப்பு எரியிறது.

பிணை ரெண்டு வகையில வரும். காசுப் பிணைன்னா கோர்ட்டுல கட்டணும். சரீரப் பிணைன்னா ஆள் வந்து கையெழுத்து வைக்கணும், அப்ப காசு கட்டத் தேவையில்ல, ஆனா பிணை நிக்கிறவரோட அடையாள அட்டை, கிராம சேவகர் அத்தாட்சி எல்லாம் கேப்பாங்க. நுவரெலியாவுல இருந்து வந்த பொடியன் கொழும்புல பிடிபட்டா பிணைக்காரர் ஊர்ல ஜீ.எஸ்.ஸ தேடிப் பிடிச்சு கடிதம் வாங்கி நைட் பஸ்ல வரணும். கடிதம் ஒரு நாள் பிந்தினா பிள்ளை இன்னொரு நாள் உள்ளுக்குத்தான். கொழும்புலயே இருக்கிற உங்கள மாதிரி நிரந்தர வேலை, நிரந்தர முகவரி இருக்கிற ஆள் தன்னோட பத்திரத்தை ஆயத்தமா வச்சிருந்து, நம்பிக்கையான ஆளுக்காகப் போய் கையெழுத்து வைக்கிறது காசை விடப் பெரிய உதவி. ஆனா யோசிச்சு வைங்க, ஆள் வழக்குக்கு வராம விட்டா பிணை நின்ன தொகைக்கு நீங்கதான் பொறுப்பு, வீட்டுல ஒரு சொல் சொல்லிட்டுப் போங்க.

இன்னொண்ணு, காசுப் பிணை கட்டினா அது செலவாகிப் போற காசு இல்ல, வழக்கு முடிஞ்சா திரும்ப எடுக்கலாம். கட்டின ரிசீட் யாரோட பேர்ல இருக்கு, அது எங்க இருக்குன்னு எழுதி வைக்காததால ரெண்டு மூணு வருசம் கழிச்சு எடுக்க முடியாமப் போனதை நான் கண்ணால பார்த்திருக்கேன். அதனால அவசரத்துக்குன்னு ஒரு தனி உண்டி மாதிரி ஒதுக்கி வைங்க, வெளிய போனா ரிசீட்டை போட்டோ எடுத்து மூணு பேர் வச்சிருங்க, திரும்பி வந்ததும் அதே உண்டியிலயே போடுங்க. அப்படியே சுத்திகிட்டு இருக்கும்.

அரசாங்கம் உரிமைய மீறிட்டுதுன்னு உயர் நீதிமன்றத்துல (சுப்ரீம் கோர்ட்) அடிப்படை உரிமை மனு போடணும்னா நடந்து ஒரு மாசத்துக்குள்ள போடணும். அந்த ஒரு மாசம் காசு சேர்க்கிறதுலயே போயிரக் கூடாதுங்கிறதுக்காகத்தான் முன்கூட்டியே ஒதுக்கச் சொல்றேன். அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுல முறைப்பாடு போட்டா, அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்குல சேராது, அதை லோயர்கிட்ட கேட்டு உடனே செய்ங்க. ஆணைக்குழுவோட அவசர இலக்கம் 1996. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கு.

தகவல் அறியும் விண்ணப்பம்

சின்னக் காசுல பெரிய வேலை நடக்கிற இடம் இது. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டத்தால தகவல் கேக்கிற உரிமை நம்ம எல்லாருக்கும் இருக்கு, தமிழ்லயே கேக்கலாம், விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, 14 வேலை நாளுக்குள்ள குடுக்கிறதா இல்லையான்னு பதில் சொல்லணும். இந்தக் காணி யாரோட பேர்ல இருக்கு, மாடி வீட்டுக்கு யார் யார தெரிவு செஞ்சாங்க, பாதை போடுறதுக்கு ஒதுக்கின காசு எங்கன்னு கேட்டா கையில ஆதாரம் வரும். செலவு எதுலன்னா பதிவுத் தபால், கொப்பி, பதில் வராட்டி மேன்முறையீடு, தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு விசாரணைக்காக ஊர்ல இருந்து கொழும்புக்கு வரணும்னா அந்தப் பயணம். வர்றவங்களுக்கு ராத்திரி தங்க உங்க வீட்டுல ஒரு பாய் போட முடிஞ்சா அதுவும் இந்தக் கணக்குலதான் சேரும்.

காசில்லாம காசு குடுக்கிறது

2022 ஏப்ரல் 9ல காலிமுகத்திடல்ல கூடினது ஒரு நாள் ஆர்ப்பாட்டத்தோட முடியல்ல, கொஞ்ச நாள்லயே அங்க சமையல் கொட்டில், வைத்தியக் கூடாரம், லைப்ரரி எல்லாம் வந்திருச்சு. பெரிய காசுல வந்ததுன்னு நிறையக் கதை கட்டினாங்க. நான் பார்த்தது என்னன்னா ஒரு த்ரீவீல் வரும், அரிசி மூட்டை ஒண்ணு இறங்கும், ஒரு குடும்பம் வந்து பத்து சோத்துப் பார்சல் வச்சிட்டுப் போகும், கேஸுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில நின்ன நேரத்துல.

உங்ககிட்ட என்ன சும்மா இருக்குன்னு பாருங்க. கடைக்கு மேல ஒரு அறை இருந்தா மாசம் ஒரு நாள் கூட்டத்துக்குக் குடுக்கலாம். ஒஃபிஸ் பிரிண்டர்ல களவா அடிச்சுக் குடுக்காதீங்க, உங்க வேலைக்கு ஆபத்து. ஆனா ஜம்பட்டா வீதியிலயோ ஆமர் வீதியிலயோ தெரிஞ்ச பிரிண்ட் கடைக்காரரோட கதைச்சு அடக்க விலைக்கு வாங்கிக் குடுக்கலாம். பழைய லெப்டொப், டேட்டா ரீலோட், வேன் வச்சிருக்கிறவங்கன்னா ஒரு ட்ரிப்.

சங்கத்துல சேர்றதும் காசுதான். உங்க வேலையிடத்துல தொழிற்சங்கம் இருந்தா சேர்ந்து சந்தாவ ஒழுங்காக் கட்டுங்க. சுதந்திரமா எழுதுற சின்னப் பத்திரிகை, சஞ்சிகைக்கு வருசச் சந்தா கட்டுங்க, தமிழ்ல இப்படி நடத்துறவங்க அச்சுக்கூலிக்கே கஷ்டப்படுறாங்க, ஓசியில பிடிஎஃப் வாங்கிப் படிக்கிறத நிப்பாட்டுங்க.

கூட்டாளிமாரோட சேர்ந்து சேர்க்கிறது

தனிய குடுக்கிறது பழகிருச்சுன்னா பத்துப் பேரைச் சேருங்க. சீட்டு மாதிரி ஒரு வட்டம், ஒவ்வொரு மாசமும் கழிவு எடுக்கிறதுக்குப் பதிலா அந்த மாசக் காசு யாருக்குப் போகணும்னு எல்லாரும் கூடித் தீர்மானிக்கிறது. எங்கட அம்மாமார் உலையில போடுறதுக்கு முந்தி ஒரு பிடி அரிசிய தனிப் பானையில போட்டு வச்சாங்களே, அந்தப் பழக்கந்தான் இது.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்ல. 1930கள்ல நவம்பர் 11ஆம் திகதி போர் வீரர்களுக்குன்னு பொப்பி மலர் வித்த காசுல பெரும்பகுதி பிரிட்டனுக்குத்தான் போச்சு, அதுக்கு எதிரா அதே நாள்ல சூரியமல் இயக்கம்னு நம்ம பூவரசம்பூவ வித்தாங்க, தென் கொழும்பு இளைஞர் கழகத்து ஆக்கள் 1933ல அதை பெரிசா எடுத்து நடத்தினாங்க. பூ வித்து சேர்ந்த கூட்டம் 1934, 35ல மலேரியா வந்து ஊர் ஊரா ஆக்கள் செத்துகிட்டு இருந்தப்ப சாப்பாடும் மருந்தும் தூக்கிகிட்டுக் கிராமத்துக்குள்ள இறங்கிச்சு. அந்த ஆக்கள்ல பலர் சேர்ந்துதான் 1935 டிசம்பர்ல லங்கா சமசமாஜக் கட்சியத் தொடங்கினாங்க. காசு சேர்த்தது மட்டும் இல்ல, பூ வாங்கினவங்களோட எல்லாம் நின்னு கதைச்சிருக்காங்க, அதுதான் எனக்கு அந்தக் கதையில பிடிச்சது.

அதே மாதிரி வெள்ளவத்தையில ஒரு வீட்டு முற்றத்துல பலகாரம் வித்து, பின்னேரம் பிரச்சினையில இருக்கிற ஒரு அக்காவ கூப்பிட்டு அரை மணித்தியாலம் பேச வச்சுப் பாருங்க. வட்ஸ்அப்ல நூறு தடவை எக்கவுண்ட் நம்பர் அனுப்புறத விட அது ஆக்கள சேர்க்கும். வந்த காசு இவ்வளவு, செலவு இவ்வளவு, குடுத்தது இவ்வளவுன்னு அடுத்த நாளே குரூப்ல போட்டுருங்க.

வெளிநாட்டுக் காசும் சட்டமும்

கனடாவுல மாமா இருக்காரு, லண்டன்ல சித்தி இருக்காங்க, அவங்களும் தாறேன்னு சொல்வாங்க. நல்ல விசயந்தான். ஆனா இங்கதான் கவனம் வேணும், பயமுறுத்த இதை எழுதல்ல. 1979ல தற்காலிகம்னு சொல்லிக் கொண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எத்தனையோ வருசமா பார்த்துகிட்டு இருக்கோம், தமிழ்ப் பேரோட ஒரு எக்கவுண்டுக்கு வெளிய இருந்து காசு வந்தா எதுக்குன்னு கேள்வி வர்றது நமக்குப் புதுசில்ல. பயங்கரவாதத்துக்கு நிதி குடுக்கிறதைத் தடுக்கிற சட்டம் 2005ல இருந்து இருக்கு. தடை செஞ்ச அமைப்புகள், ஆக்களோட பேர்ப் பட்டியலை கெசட்ல போடுறாங்க, அதுல பேர் சேர்றதும் உண்டு எடுபடுறதும் உண்டு, அதனால வெளிநாட்டு அமைப்பு ஒண்ணு காசு தாறேன்னா அப்போதைய பட்டியலைப் பார்த்துட்டுத்தான் ஓம்னு சொல்லணும்.

உண்டியல்ல (பேங்க் இல்லாம ஆள் மூலமா காசு மாத்துறது) கொண்டு வராதீங்க, என்ன அவசரமா இருந்தாலும். பேங்க்கால நேரா வரட்டும், யார் அனுப்பினது, எதுக்குன்னு ஒரு கடிதம் ஃபைல்ல இருக்கட்டும், வந்த காசு போன வழிக்கு பில் இருக்கட்டும். தொகை பெருசாகுதுன்னா பதிவு செஞ்ச அமைப்பு ஒண்ணு ஊடா வர்றதுதான் நல்லது. அப்படி ஒழுங்கா வச்சிருந்த ஆக்கள் கூப்பிட்டு விசாரிச்சாலும் ஃபைலை மேசையில வச்சிட்டு நிமிர்ந்து உட்காருவாங்க.

காசு குடுத்தவங்களோட பேரை, ஸ்லிப்போட ஸ்க்ரீன்ஷொட்ட குரூப்ல போடாதீங்க. நன்றி சொல்றோம்னு நினைச்சுப் போடுவாங்க, அதுல அரசாங்க உத்தியோகத்துல இருக்கிற ஒரு மிஸ்ஸோட பேரும் இருக்கும். கணக்கு எல்லாருக்கும் தெரியட்டும், பேர்ப் பட்டியல் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.

எலெக்‌ஷன் நேரம் இன்னொரு கவனம். 2023ல தேர்தல் செலவை ஒழுங்குபடுத்துற சட்டம் வந்திருச்சு, வேட்பாளர்கள் வரவு செலவுக் கணக்குக் காட்டணும். குழுவுல இருக்கிற ஒருத்தர் எலெக்‌ஷன் கேக்கலாம், அது அவரோட உரிமை, ஆனா மக்கள் பிரச்சினைக்குன்னு சேர்த்த காசுல அவருக்கு நோட்டீஸ் அடிக்கக் கூடாது, அந்த மாசங்கள்ல அவர் காசுப் பொறுப்புல இருந்து விலகி நிக்கட்டும்னு முன்னமே பேசி எழுதி வைங்க.

குடுத்துட்டு கையை எடுங்க

காசு குடுக்கிற ஆளுக்கு மெதுவா ஒரு எண்ணம் வரும், நான் சொன்னபடி செய்யலாமேன்னு. எனக்கும் வந்துச்சு. ஒரு தடவை பாதையை மறிக்கிறது பிழை, மனு குடுத்தா போதும்னு நான் வாதாடினேன், ஒரு அக்கா அமைதியா சொன்னாங்க, "தம்பி, உங்களுக்கு வீடு போகல்ல." எனக்கு அதுக்குப் பதில் இருக்கல்ல. கருத்து சொல்லுங்க, கணக்குக் கேளுங்க, ஆனா முடிவு எடுக்கிறது பிரச்சினையில வாழ்ற ஆக்கள். சாப்பாடு குடுக்கும்போது போட்டோ எடுக்காதீங்க, மேடையில கூப்பிட்டாலும் போகாதீங்க. கொள்கையிலயே ஒத்து வராம போச்சுன்னா சண்டை பிடிக்காம ரெண்டு மாசத்துக்கு முன்னமே சொல்லிட்டு நிப்பாட்டுங்க, திடீர்னு நிப்பாட்டினா அவங்க ஹோலுக்கு அட்வான்ஸ் குடுத்திருப்பாங்க.

குழு கலைஞ்சா

இதை ஆரம்பத்துலயே பேசி வைக்கணும். 2022 ஜூலை 22 விடியற்காலையில ஆமி வந்து காலிமுகத்திடல்ல இருந்த கூடாரங்களை உடைச்சதுக்கு அப்புறம் எத்தனையோ சின்னக் குழுக்கள் அப்படியே சிதறிப் போச்சு. சிலருகிட்ட கொஞ்சம் காசு மிஞ்சி இருந்துச்சு, ஜெனரேட்டர், தகரம், பாத்திரம் இருந்துச்சு. அது யாருக்குன்னு எழுதி வைக்காததால நல்ல கூட்டாளிமார் முகம் குடுக்காமப் போனாங்க, அந்த மனஸ்தாபம் அடுத்த போராட்டத்துக்கும் வந்துச்சு. அதனால கொப்பியோட முதல் பக்கத்துலயே ஒரு வரி எழுதுங்க: ஆறு மாசம் கூட்டம் நடக்காட்டி மிச்சக் காசும் சாமானும் இந்தக் குழுவுக்குப் போகும்னு, பேரைப் போட்டு எல்லாரும் கையெழுத்து வைங்க. எங்கட கொப்பியில கையெழுத்து வச்சது பதினொரு பேர், அதுல மூணு பேர் இப்ப வெளிநாட்டுல. ஸ்டேண்டிங் ஓர்டர் மட்டும் இன்னும் நிக்கல்ல.